அரிசிப் பானைக்குள் ஒரு வேதியியல் பாடம்



இந்த உடம்பு பஞ்சபூதங்களால் ஆனது என்று சமய வகுப்பில் படித்திருப்போம். வேதியியல் அதே உடம்பைத் தனிமங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரிடம் ஏறக்குறைய 39 கிலோ ஆக்சிஜன், 11 கிலோ கார்பன், 6 கிலோ ஹைட்ரஜன், 2 கிலோ நைட்ரஜன் உண்டு. எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய கால்சியம் 1 கிலோவுக்குள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க உதவும் இரும்போ 3, 4 கிராம்தான்.

கொஞ்சம்தானேன்னு அலட்சியமா இருந்துடலாமா? கூடாது. தம்பின் இருக்கும் இதே நெகிரி செம்பிலானில் அதற்கு ஒரு சான்று உண்டு.

நூறாண்டுகளுக்கு முன் மலாயாவைப் பெரிபெரி நோய் வாட்டியது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயமே நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் பலர் மாண்டார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அந்நோய் அரிதாகவே வந்தது. ஏன்? மாநில அரசு மருத்துவர் பிராடன் சாப்பாட்டைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1907-இல் இதை நூலாகவே எழுதினார்.

அதே ஆண்டு பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் ஜெலெபுவில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் சோதனை தொடங்கினர். ஒரு குழுவுக்குப் பச்சரிசி, இன்னொரு குழுவுக்குப் புழுங்கல் அரிசி. பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கே நோய் வந்தது.

தீட்டிய அரிசியில் பாஸ்பரஸ் குறைந்திருந்ததையும் அவர்கள் கண்டார்கள். ஆனால் பாஸ்பரஸ் ஓர் அடையாளம்தான். தவிட்டோடு சேர்ந்து வெளியே போன வேறொரு பொருளே காரணம். 1926-இல் ஜாவாவில் ஜான்சன், டோனத் இருவரும் அதைப் பிரித்தெடுத்தனர். அதுதான் தயமின், அதாவது வைட்டமின் பி1.

தயமினில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம். ஐந்தும் நம்ம உடம்பில் ஏற்கெனவே இருக்கு. ஆனால் அவற்றைத் தயமினாகக் கோர்க்க உடம்பால் முடியாது. நாளுக்கு 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல், சாப்பாட்டில்தான் வரவேண்டும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும்; பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். தோட்டத்து லயத்தில் பொங்கிய சோறு இப்படித்தான் உயிரைக் காத்தது.

ஆகவே தனிமம் இருந்தால் மட்டும் போதாது. உடம்புக்கு ஏற்ற வடிவில் வரவேண்டும். இரும்பும் அப்படித்தான். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் சேர்வது குறையும்; ஒரு மணி நேரம் பொறுங்க. வெறும் வெள்ளைச் சோறும் மீ கோரேங்கும்னு இல்லாமல், புழுங்கல் அரிசி, உளுந்து, பயறு, கடலையும் தட்டில் இருக்கட்டும்.

திருமூலர் உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகக் கண்டவர். சாமிக்குப் பார்த்துப் பார்த்துப் படைக்கிற நாம், இந்தக் கோயிலுக்கும் அப்படியே படைப்போம்.

வகுப்பில் பேச:
1. உங்க வீட்டில் எந்த அரிசி? ஏன் அதை வாங்குறாங்க?
2. தோட்டத்தில் அந்தக் காலத்துச் சாப்பாடு எப்படி இருந்தது? தாத்தா, பாட்டிகிட்ட கேட்டு எழுதி வாருங்கள்.