விளிம்பில் நிற்போரும் கற்கும் எந்திரமும்

நகரம் யாருக்காக அமைக்கப்படுகிறது? 'மக்களுக்காக' என விடையிறுத்தல் எளிது. எம்மக்களுக்காக என மீண்டும் வினவுங்காலே தயக்கம் பிறக்கிறது.

சென்னை மெட்ரோ நிலையங்களின் தரையில் புடைப்புடைய கற்கள் பதிக்கப்பட்டிருத்தலை நம்மில் பலர் கண்டிருப்போம். அவற்றுள் நீண்ட கோடுகள் செல்லும் வழியையும், புள்ளிகள் நின்று கவனிக்க வேண்டிய இடத்தையும் பார்வையற்றோரின் பாதத்திற்கும் கைக்கோலுக்கும் உணர்த்துவன. (அழகுக்காக இடப்பட்டவை என எண்ணுவோரும் உளர்!) இவற்றை வகுத்தவர் ஜப்பானியரான செய்இச்சி மியாகே. 1967-ஆம் ஆண்டு ஒக்கயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள சாலையில் இவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. சிலரது தேவையிலிருந்து தொடங்கிய அமைப்பு இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

செயற்கை நுண்ணறிவின் போக்கு இதற்கு மாறானது. பலரிடம் காணப்படுவதையே அது இயல்பெனக் கற்கிறது. கனடாவின் டொராண்டோ நகரைச் சார்ந்த அறிஞர் யுட்டா திரெவிரானஸ் மேற்கொண்ட சோதனை ஈண்டு நினைக்கத்தக்கது. அவருடைய தோழி ஒருவர் சக்கர நாற்காலியைக் காலால் உந்திப் பின்னோக்கிச் செல்பவர். அவர் சாலைச் சந்திப்பைக் கடப்பதைப் போன்ற காட்சியை, ஓட்டுநரில்லா ஊர்திகளைச் செலுத்தும் கணினி மாதிரிகளின் முன் வைத்தார் திரெவிரானஸ். அவையனைத்தும் அப்பெண்மணி மீது ஊர்தியை ஏற்றவே முடிவு செய்தன! சக்கர நாற்காலியில் செல்வோர் பற்றிய தரவுகளை மேலும் கற்பித்த பின்னரோ, முன்னினும் மிகுந்த உறுதியுடன் அதே முடிவையே எடுத்தன. சக்கர நாற்காலிகள் பெரும்பாலும் முன்னோக்கியே செல்லும் என அவை கற்றிருந்தமையே காரணமாகலாம் என்பது அவர் ஊகம். அறியாமையினும் அரைகுறைக் கல்வி கொடிதாயிற்று.

இதற்கு அவர் கூறும் மாற்று நுட்பமானது. ஒரே வகைத் தரவு திரும்பத் திரும்ப இடம்பெறுதலை ஓரளவிற்கு மேல் வெட்டிக் குறைத்தால், விளிம்பில் உள்ளவற்றையும் எந்திரம் நோக்கியே ஆக வேண்டும். இதனை 'நீதியின் புல்வெட்டி' எனக் குறித்தார். அவ்வாறு பயிற்றப்படும் எந்திரம் கற்றுத் தேறக் காலம் மிகும். ஆயினும் எதிர்பாராதவற்றைக் கையாள்வதில் அதுவே சிறக்கும் என்பது அவர் கருத்து.

நம் ஊர்களுக்கு வருவோம். நடைபாதை உடைந்து கிடக்கிறது. எஞ்சிய இடத்தில் இருசக்கர ஊர்திகள் நிற்கின்றன. சக்கர நாற்காலியர் வீட்டினுள்ளேயே அடைபடுகின்றனர். அத்தெருவில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தித் தரவு திரட்டினால் அதில் அவர்கள் இடம்பெறுவார்களா? அத்தரவைக் கற்கும் எந்திரத்திற்கு அவர்கள் இல்லாதவர்களே. எனவே புல்வெட்டி மட்டும் நமக்குப் போதாது. தெருவையும் செப்பனிட்டாதல் வேண்டும்.