வயலெலியும் கூகைப் பெட்டியும்

நெற்பயிரின் தூர்களை அடியில் அறுத்துத் தள்ளுவதும், முற்றிய கதிர்களை வளைக்குள் இழுத்துச் சேமிப்பதும் வயலெலியின் வழக்கம். இதனால் உண்டாகும் நஷ்டத்தை அறியாத விவசாயி இல்லை. எலியை ஒழிக்க வளை வெட்டியும் கிட்டி வைத்தும் பாடுபடும் குடியானவரே, இரவுதோறும் கூலியின்றி அவ்வேலையைச் செய்யும் கூகையைக் கல்லெறிந்து விரட்டுவது வருந்தத்தக்கது.

கூகையின் இயல்பு:— வெற்றிலை வடிவான வெண்முகமுடைய இவ்வாந்தை அலறினால் வீட்டில் சாவு நேரிடும் என்பது வெறும் பயமேயாகும். இதன் காதுகள் ஒன்று சற்று மேலும் மற்றொன்று தாழ்ந்தும் அமைந்திருப்பதால், கும்மிருட்டிலும் ஓசையைக் கொண்டே எலியின் இடமறிந்து பாயும். எலியைப் பெரும்பாலும் முழுதாக விழுங்கி, செரியாத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அவ்வுருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடுகள் வெளிப்படும். ஐயமுடையோர் தாமே சோதித்தறியலாம்.

பெட்டியின் அவசியம்:— கூகை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. கோபுர மாடம், பாழ்மண்டபம், மரப்பொந்து ஆகியவற்றிலேயே முட்டையிடும். இவை அடைபட்டும் அழிந்தும் போன இடங்களில், இரை மிகுந்திருந்தும் கூகை தங்குவதில்லை. இக்குறையை நீக்கவே இஸ்ரேலில் 1983 முதலும், மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் 1980-களிலிருந்தும் பெட்டிகள் வைக்கப்பட்டுவருகின்றன.

செய்முறை:— பெட்டி 2 அடி நீளமும், 1½ அடி அகலமும், 2½ அடி உயரமும் இருத்தல் நன்று. வாயில் 6 அங்குலச் சதுரமாக, அடிப்பலகையிலிருந்து 1½ அடி உயரத்தில் அமைய வேண்டும். தாழ்வாக இருப்பின் குஞ்சுகள் தவறி விழும். கூரையை முன்புறம் நீட்டிச் சரிவாக அமைத்து, அடியில் நீர் வடியச் சிறு துளைகள் இட்டு, மரச்சீவல் பரப்புக. வயலை நோக்கி, 12 அடிக்குக் குறையாத உயரத்தில், உறுதியான கம்பத்திலோ தனிமரத்திலோ பொருத்துக. முதல் ஆண்டில் கூகை வராவிடினும் பெட்டியை அகற்றலாகாது. குஞ்சுகள் பறந்துபோன பின்னரே ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்க.

இளம்பயிரில் ஆங்காங்கே குறுக்குக்கட்டை வைத்த கழிகளை நட்டால், கூகை அமர்ந்து வேட்டையாடும். கதிர் பால் பிடிக்குமுன் அவற்றைப் பிடுங்கிவிடுக; இல்லையேல் தானியம் தின்னும் குருவிகளுக்கே அவை உதவும்.

எச்சரிக்கை:— விஷமுண்ட எலி உடனே சாவதில்லை. தடுமாறித் திரியும் அதனைப் பிடித்துத் தின்னும் கூகையும், ஊட்டப்பெறும் குஞ்சுகளும் மடியும். ஆகவே பெட்டி வைத்த வயலிலும் அதன் அக்கம்பக்கத்திலும் விஷத்தைத் தவிர்த்து, கிட்டியும் வளைவெட்டுமே கையாளுக. வரப்புகளைச் சிறிதாக வைத்தால் எலிக்கு வளையமைக்க இடம் குறையும். கூகை மட்டுமே எலியை முற்றிலும் ஒழித்துவிடும் என்று எண்ணுதல் தவறு. மேற்கூறியவற்றுடன் சேர்ந்தே அது பலன் தரும்.

கூகைக்கு வயல்வரம்பு தெரியாது. ஒருவர் பெட்டி வைக்க, அடுத்தவர் விஷம் வைப்பாராயின் இருவர் முயற்சியும் வீணாகும். ஆதலின் கிராம அதிகாரிகள் ஊர்க்கூட்டத்தில் இதனை எடுத்துரைத்து, எல்லோரையும் ஒருமுகப்படுத்துதல் வேண்டும். கூகையைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும், கோயில் திருப்பணியின்போது குஞ்சுள்ள மாடத்தைக் கலைக்கலாகாது என்பதையும் அறிவிப்பது அவர்கள் கடமையாகும்.