போர்டு இல்லாத பட்டறைக்கு ஆர்டர் எப்படி வருகிறது?

கேள்வி: தொரப்பள்ளியில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு சிஎன்சி டர்னிங் மெஷின், ஒரு விஎம்சி. ஓசூர் கம்பெனி ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தேன். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு கட்டி விளம்பரம் போட்டேன். லைக் வருகிறது, போன் வருகிறது, ஆர்டர் மட்டும் வரவில்லை. எங்கள் தெருவிலேயே போர்டுகூட இல்லாத ஒரு பட்டறை இரவு பகலாக ஓடுகிறது. அவர் ரேட்டைக் குறைத்து அடிக்கிறார் என்கிறார்கள். நானும் குறைக்கத்தான் வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தொரப்பள்ளி

பதில்: ராஜாஜி பிறந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது கேள்வி. அவரைப் போல நாலு வரியில் முடிக்க எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரேட் விஷயம். உங்கள் தெருவில் மட்டுமல்ல, சிப்காட் தொழிற்பேட்டை டீக்கடைகளிலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புஷ் என்ற சின்ன உதிரிபாகம் ஒன்றுக்கு இப்போதைய சப்ளையர் 14 ரூபாய் வாங்குகிறார், நீங்கள் 13 ரூபாய்க்குத் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் பத்தாயிரம் எடுத்தால் கம்பெனிக்கு மிச்சம் 10,000 ரூபாய். இதற்காகப் பர்ச்சேஸில் உட்கார்ந்திருப்பவரை யாரும் பாராட்டப் போவதில்லை. ஆனால் உங்கள் லாட்டில் துளை அளவு தப்பி, அசெம்பிளி லைன் அரை மணி நேரம் நின்றுவிட்டால் "இந்த ஆளைக் கொண்டுவந்தது யார்?" என்ற கேள்வி எழும். மிச்சம் கம்பெனிக்கு, திட்டு அவருக்கு. அப்படியிருக்க, பழைய சப்ளையரை அவர் ஏன் மாற்றுவார்? புதிதாக வந்தவர் ரொம்பவும் இறங்கிச் சொன்னால், 'மெட்டீரியல் சொன்ன கிரேடுதானா?' என்ற சந்தேகம் வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே ரேட்டைக் குறைப்பது உங்கள் லாபத்தைத் தின்னும்; கதவைத் திறக்காது.

அடுத்தது விளம்பரம். பொருளாதாரத்தில் 'பெறப்பட்ட தேவை' என்று ஒன்று சொல்வார்கள். அதாவது, ஒரு பொருளை யாரும் அதற்காகவே கேட்பதில்லை. இன்னொன்றுக்குத் தேவை இருப்பதால் இதற்கும் தேவை வருகிறது. ஜனங்கள் ஸ்கூட்டர் வாங்குகிறார்கள், அதனால் டிவிஎஸ்ஸுக்கு புஷ் வேண்டும். பளபளக்கும் புஷ்ஷின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஒருவரும் புஷ் வாங்கியதில்லை. புடவைக்கும் பிரியாணிக்கும் இன்ஸ்டாகிராம் பலன் தரும். உங்களிடம் வாங்கும் அதிகாரம் உள்ளவர்களையோ ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வரிசைகளிலேயே உட்கார வைத்துவிடலாம். லைக் போடுகிறவர்கள் உங்கள் நண்பர்கள், உங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள், வேலை தேடும் பிள்ளைகள். போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் கட்டிங் டூல், கூலன்ட் ஆயில், பிசினஸ் லோன் என்று உங்களிடம் விற்க வருகிறவர்களாக இருப்பார்கள், சரிதானே?

அப்படியானால் அந்த முன்வரிசைக்காரர்கள் யாரை நம்பி ஆர்டர் கொடுக்கிறார்கள்? இதில்தான் உங்கள் பக்கத்துப் பட்டறையின் ரகசியம் இருக்கிறது.

பெரிய கம்பெனியில் நுழைய 'வென்டார் கோடு' வேண்டும்; சப்ளையர் பட்டியலில் உங்களுக்கென்று ஒரு எண். அதற்கு முன் உங்கள் பட்டறைக்கு வந்து ஆடிட் செய்வார்கள். வாகனத் துறையென்றால் 'பிபேப்' என்ற கோப்பும் கேட்பார்கள். அளவு அறிக்கை, மெட்டீரியல் சான்றிதழ், வேலை நடக்கும் முறை எல்லாம் அடங்கிய முன் அனுமதிக் கட்டு. நேற்று தொடங்கிய பட்டறை இதற்குள் நேராகப் போக முடியாது. அந்தப் பெரிய கம்பெனிக்குப் பொருள் தருபவர் 'டயர்-1', அவருக்குத் தருபவர் 'டயர்-2'. உங்கள் வாடிக்கையாளர் இந்த டயர்-2 வரிசையில், சிப்காட்டின் உள் தெருக்களில் இருக்கிறார். அங்கே ஆடிட்டைவிடப் பெரிய சான்றிதழ், ஒரு குவாலிட்டி இன்ஜினியர் சொல்லும் "அந்தப் பையன் செய்வான் சார்" என்ற வார்த்தை.

அந்த இன்ஜினியர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இன்று ஓசூர், அடுத்த வருஷம் எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகனி. போகிற கம்பெனிக்கெல்லாம் தங்கள் போனில் இருக்கும் பட்டறை நம்பர்களையும் கொண்டுபோகிறார்கள். உங்கள் பக்கத்துக்காரரின் நம்பர் அப்படிச் சில போன்களில் ஏறியிருக்கும் என்பது என் ஊகம். அவருக்குப் போர்டு எதற்கு?

செய்த வேலைதான் அடுத்த ஆர்டரைக் கொண்டுவரும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சாட்சி உண்டு. 1990களில் மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் சேர்ந்து 'மெடோ' என்ற கம்பெனியை நடத்தினார்கள். டைட்டனுக்குக் கைக்கடிகாரச் செயின்களைக் கோத்துத் தருவது வேலை. ஊரறிய விளம்பரம் செய்து பிடித்த ஆர்டர் அல்ல அது. ஒன்றை ஒழுங்காகச் செய்தவர்களிடம் டைட்டன் வேறு வேலைகளையும் ஒப்படைத்தது.

சரி, முதல் போனில் உங்கள் நம்பர் ஏறுவது எப்படி? மற்றவர்கள் தட்டிக்கழிக்கும் வேலையை எடுங்கள். ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என்று மின் வாகன ஆலைகள் வந்தபின் 'டெவலப்மென்ட்' வேலை, அதாவது உற்பத்திக்கு முன் சோதனைக்காகச் செய்யும் சில உருப்படிகள், இங்கே பெருகியிருக்கிறது. ஐந்து பீஸ் வேண்டும், மூன்று நாளில் வேண்டும், நடுவில் டிராயிங் மாறும். ஐயாயிரம் பீஸ் ஓட்டுகிறவருக்கு இது தலைவலி. உங்களுக்கு இதுதான் வாசல், ஏனென்றால் அந்த ஐந்து பீஸோடு டிசைன் இன்ஜினியரும் நேரில் வருவார். கொடுக்கும்போது யாரும் கேட்காமலே அளவு அறிக்கையைச் சேர்த்துக் கொடுங்கள். ஏதாவது ஒரு பீஸ் தப்பியிருந்தால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போன் செய்து சொல்லுங்கள். சப்ளையர்களில் இதைச் செய்கிறவர் குறைவு. அதனாலேயே மறக்க மாட்டார்கள்.

விளம்பரத்துக்குச் செலவழிக்கும் காசில் ஒரே ஒரு பக்கம் அச்சடியுங்கள். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' வேண்டாம், ஐயா. அதை எல்லோரும் போட்டுவிட்டார்கள். என்ன மெஷின், எவ்வளவு பெரிய பீஸ் பிடிக்கும், தினமும் எத்தனை மைக்ரானுக்குள் நிறுத்த முடியும், அளவுக் கருவிகளைக் கடைசியாக எப்போது காலிபிரேட் செய்தீர்கள், அதாவது சரிபார்த்தீர்கள். பர்ச்சேஸ்காரருக்கு இவ்வளவு போதும்.

ஒரே துறையை நம்பியும் இருக்காதீர்கள். 2019-இல் வாகன விற்பனை சரிந்தபோது அசோக் லேலண்டே ஓசூர் ஆலைகளுக்கு வேலையில்லா நாட்கள் அறிவித்தது. பெரிய ஆலை ஐந்து நாள் நின்றால் அதை நம்பிய பட்டறை எத்தனை நாள் நிற்கும் என்று யோசியுங்கள். கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன. சீசனில் ஒரு ஷாஃப்ட் உடைந்தால் பழம் காத்திருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மெயின்டனன்ஸ் ஆள் போனில் 'பக்கத்தில் லேத்' என்று தேடுவார். கூகுள் மேப்பில் உங்கள் பட்டறை இருக்க வேண்டியது இந்த மாதிரி ஆளுக்காகத்தான். பதிவுக்குக் காசில்லை. விவரத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவையுங்கள். நம் ஊரில் மூன்றும் தெரிந்த ஆளுக்குப் பஞ்சமில்லை.

கர்நாடக ஆர்டர் வந்தால் ஒரு எச்சரிக்கை. ஜாப் ஒர்க்குக்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வரும் சரக்குக்கு, மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். வழக்கமான 50,000 ரூபாய் வரம்பு அங்கே பொருந்தாது. ஜூஜுவாடி தாண்டினால் வேறு மாநிலம் என்பது டூவீலரில் பீஸ் எடுத்துப் போகிறவர்களுக்குச் சில நேரம் மறந்துவிடுகிறது.

கடைசியாகப் பணம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஆர்டர் பிடித்த பட்டறைகள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள், அதுவும் இலவசம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் உங்களுக்குப் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஏப்ரல் முதல் வருமானவரிச் சட்டமும் இதில் கை வைத்திருக்கிறது: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் வரை வாங்கியவர் தன் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. இதனாலேயே உத்யம் நம்பரைக் கண்டு தயங்குகிற வாடிக்கையாளரும் இருக்கலாம். அப்படித் தயங்குகிறவர் ஆர்டர் தந்தால், முதல் லாட்டுக்கு அட்வான்ஸ் கேளுங்கள்.