ஏரிக்கரையும் நடைமேடையும்

நுழையும்முன்

உறங்குவது ஓர் ஊர். உழைப்பது வேறோர் ஊர். பெருநகரை அடுத்த சிறுநகர்களில் இதுவே இன்றைய நடைமுறை. நீர்நிலையை நம்பி எழுந்த ஊரொன்று தொடர்வண்டியையும் நம்பி வாழத் தொடங்கும்போது அதன் அன்றாடம் எவ்வாறு மாறுகிறது?

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள சிறிய நகராட்சி மதுராந்தகம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 30,000 பேரளவினர். ஊர்ப்பெயர் சோழர் பட்டப்பெயர்களுள் ஒன்று. நகராட்சி எனினும், கடைத்தெருவைக் கடந்தால் நெல்வயல்களே கண்ணுக்குத் தெரியும்.

பொழுது புலரும்முன் தொடர்வண்டி நிலையம் விழித்துக்கொள்கிறது. பருவச்சீட்டும் சோற்றுப் பாத்திரமுமாக நடைமேடையில் நிற்போரில் ஆலைத் தொழிலாளர், கடைப் பணியாளர், கல்லூரி மாணவர் எனப் பலரும் உளர். வண்டி கருங்குழி, படாளம் நிலையங்களைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து செங்கல்பட்டை அடைகிறது. அங்கே மின்தொடர்வண்டிக்கு மாறி மறைமலைநகர், தாம்பரம், சென்னை எனப் பிரிகின்றனர். பெருஞ்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருப்போர் தனி. பகலில் ஊரில் எஞ்சுவோர் பெரும்பாலும் முதியோரும் குழந்தைகளும் வயல்வேலை செய்வோருமே.

இவ்வூரின் உயிர்நிலை ஏரி. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்றான இது நிரம்பினால், மிகைநீர் கலங்கல் வழியே கிளியாற்றில் இறங்கிப் பாலாற்றை நோக்கிச் செல்லும். சம்பாவுக்கு மழை துணைநிற்கும். நவரைக்கும் சொர்ணவாரிக்கும் ஏரிநீரே கதி.

அந்நீரைக் காப்பதற்கு மண்கரை மட்டும் போதாது, ஆள் வேண்டும். தொண்டைமண்டல ஊர்களில் மதகைத் திறந்து, அடைத்து, கடைமடை வரை முறைவைத்து நீர் பாய்ச்சியவர் நீர்க்கட்டி. அறுவடையில் அவருக்கு நெல் அளக்கப்பட்டது. வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓராள் வருவது குடிமராமத்து. அடைமழைக் காலத்தில் கரையைச் சுற்றி இரவுக் காவலும் உண்டு. இப்பணிகளுக்கு ஊரிலேயே இருக்கும் ஆள்கள் தேவை என்பதை மறந்துவிடுகிறோம்.

கரைக்காவலின் நினைவு ஏரிகாத்த இராமர் கோயிலில் வாழ்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லயோனல் பிளேஸ் என்னும் ஆங்கிலேயர் இப்பகுதியின் ஆட்சியராக இருந்தார். பெருமழையில் ஏரிக்கரை உடையும் நிலை வந்தது. கரை நின்றால் தாயாருக்குச் சந்நிதி எழுப்புவதாக அவர் வேண்டிக்கொண்டார் என்றும், இரவில் வில்லேந்திய இருவர் கரையைக் காத்ததைக் கண்டார் என்றும் மக்கள் கூறுவர். இது செவிவழிச் செய்தி. ஆனால், தாயார் சந்நிதியில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இருப்பது உண்மை. அருகிலுள்ள வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரிப் பறவைகள் சுடப்படுவதைத் தடுக்க, 1798இல் உரிமைச்சீட்டு பெற்றதும் அவர் காலத்தில்தான். பறவை எச்சம் கலந்த நீர் பயிருக்கு உரம் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர்.

இன்று கரையையும் மதகையும் காப்பது அரசின் பொறுப்பு. வாய்க்கால் ஒன்று அடைபட்டால் விண்ணப்பம் எழுதப்படுகிறது. மண்வெட்டி எடுக்க வேண்டிய இளைஞர் அந்நேரம் மறைமலைநகரில் பணியில் இருப்பார். விடுப்பு எடுத்தால் அன்றைய ஊதியம் இல்லை. அவரைக் குறை கூறுவது எளிது. ஒருபோக விளைச்சலைக் கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்க இயலாத குடும்பத்துக்கு அவர் ஊதியமே நவரையும் சொர்ணவாரியும். பெருஞ்சாலையோர வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்படுவதற்கும் இதுவே ஒரு காரணம்.

ஆயினும், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவ்விரு வாழ்வும் ஒன்றையொன்று தொடுகின்றன. கிளியாற்றங்கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடப்படும். மாலை வண்டியில் திரும்புவோர் பாலாற்றுப் பாலத்தின்மேல் வரும்போதே கைப்பேசியில் வீட்டை அழைத்து, மழை நின்றதா என்று கேட்பதற்கு முன்பே, "கலங்கல் போகிறதா?" என்று கேட்கின்றனர்.