பொங்கல் முடியட்டுமா?

மார்கழி மாதம். மாலை ஐந்தரை மணி. ஃபீனிக்ஸ் பேயில் இருட்டிவிட்டது. நம் தீவுகள் கிழக்கே இருக்கின்றன. அதனால் இங்கே பொழுது சீக்கிரம் சாயும்.

படகுத்துறைப் பக்கம் விளக்குகள் எரிகின்றன. நம் எழுத்தறிவு மையத்துக்குப் பெண்கள் வருகிறார்கள். மீன் விற்கும் அக்காவும் வந்தார். உட்கார்ந்ததும் புத்தகத்தை எடுத்து விசிறிக்கொண்டார்.

“என்ன அக்கா, மார்கழியிலேயே இப்படி வேர்க்குது?” என்று கேட்டேன்.

“தெரியலம்மா. திடீர்னு நெஞ்சிலேருந்து முகம் வரைக்கும் குப்புனு சூடு ஏறுது. ரெண்டு மூணு நிமிஷம்தான். அப்புறம் குளிருது. ராத்திரி தூக்கம் இல்ல. எதுக்கெடுத்தாலும் எரிச்சல் வருது. மூணு மாசமா தூரமும் ஆகல.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு வயது 24. இதைப் பற்றிப் பேச எனக்கும் கூச்சம். மறுநாள் எங்கள் பகுதி நர்ஸ் அம்மாவை மையத்துக்கு அழைத்து வந்தேன். அவர் சொன்னதுதான் இந்தப் பாடம்.

இது நோயா?

நோய் இல்லை. பெண்ணின் வாழ்க்கையில் இதுவும் ஒரு பருவம்.

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் சினைப்பைகள் உள்ளன. அவை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. வயது ஏறும்போது இந்தச் சுரப்பு குறைகிறது. மாதவிடாய் முன்பின்னாக வருகிறது. பிறகு நின்றுவிடுகிறது.

நம் நாட்டில் பெரும்பாலும் 45 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் இது நடக்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வரவில்லை என்றால், மாதவிடாய் நின்றுவிட்டது என்று பொருள். அதுவரை கரு தங்க வாய்ப்பு உண்டு. 40 வயதுக்கு முன்பே நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் காலத்தில் சிலருக்கு உடம்பில் சூடு ஏறும். இரவில் வேர்க்கும். தூக்கம் கெடும். கோபமும் அழுகையும் வரும். மூட்டு வலிக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரியும். கணவருடன் சேரும்போது வலிக்கும். சிலருக்கு எந்தத் தொல்லையும் இருக்காது. தொல்லை அதிகமானால் சிகிச்சை உண்டு. வெட்கப்பட வேண்டாம். ஆனால் ஹார்மோன் மாத்திரையை நாமாகக் கடையில் வாங்கக் கூடாது. மருத்துவர் சோதித்துப் பார்த்துத்தான் தர வேண்டும்.

பண்டிகை நாளில் உடம்பு

“பண்டிகை வந்தா அடுப்படியிலேயே நிக்கணும். அப்பதான் சூடு ரொம்ப ஏறுது” என்றார் மீன்கார அக்கா.

நர்ஸ் அம்மா சொன்ன வழிகள் இவை:

1. பலகாரம் சுடுவதை ஒரே நாளில் வைக்காதீர்கள். வேலையை வீட்டில் உள்ள ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளட்டும்.

2. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பருத்திச் சேலை கட்டுங்கள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

3. கடும் டீயும் அதிகக் காரமும் சிலருக்குச் சூட்டைக் கிளப்பும். உங்களுக்கு அப்படி ஆனால் குறையுங்கள்.

4. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

5. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு பலம் இழக்கும். லேசாக விழுந்தாலும் முறியும். கேழ்வரகு, கீரை, எள், பால், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவை எலும்புக்கு நல்லவை. கருவாட்டிலும் அப்பளத்திலும் உப்பு அதிகம். அளவோடு சாப்பிடுங்கள்.

6. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். இங்கே சீக்கிரம் விடிந்துவிடும். காலையிலேயே நடக்கலாம்.

7. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்த வயதுக்குப் பிறகு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. வெற்றிலையோடு புகையிலை போடுவதை நிறுத்துங்கள்.

பெரியம்மா சொன்ன ரகசியம்

கூட்டம் முடிந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். ஒரு பெரியம்மா மட்டும் நின்றார். அவருக்கு 56 வயது.

“எனக்கு நின்னு நாலு வருஷம் ஆச்சு. போன வாரம் ரெண்டு நாள் லேசாப் பட்டுச்சு. சூடா இருக்கும்னு விட்டுட்டேன்” என்றார்.

நர்ஸ் அம்மாவின் முகம் மாறியது. “நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றார்.

“மக ஹட் பேயிலேருந்து கப்பல்ல வர்றா. வீட்டை ஒழுங்கு பண்ணணும். பொங்கல் முடியட்டும்மா.”

“கப்பல் வர்ற அன்னிக்கு வரட்டும். பொங்கல் வருஷா வருஷம் வரும். நீங்க நாளைக்குக் கிளம்புங்க.”

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் சோதிக்க வேண்டும். பலருக்கு அது சாதாரணக் காரணமாக இருக்கும். சிலருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கும். வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. சோதித்தால்தான் தெரியும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

மறுநாள் நானும் பெரியம்மாவுடன் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போனேன். அது ஸ்ரீ விஜயபுரத்தில் இருக்கிறது. 2024 வரை அந்த ஊரின் பெயர் போர்ட் பிளேயர். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள் சிறு சதை வளர்ந்திருந்தது. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது.

பெரியம்மா அழுதார். பிறகு சிரித்தார்.

அந்தப் பொங்கலுக்கு மகள் வடை சுட்டாள். மருமகன் வீட்டைக் கழுவினார். பெரியம்மா உட்கார்ந்து சாப்பிட்டார்.

பேசுவோம்

1. மீன்கார அக்காவைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தது சரியா?

2. பண்டிகை நாளில் உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஏன்?

3. மாதவிடாய் நிற்கும் காலத்தில் கணவரும் பிள்ளைகளும் எப்படி உதவலாம்?

எழுதுவோம்

1. தொடர்ந்து ______ மாதங்கள் வரவில்லை என்றால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று பொருள்.

2. எலும்புக்குப் பலம் தரும் மூன்று உணவுகளை எழுதுங்கள்.

3. இந்த வரியைப் பார்த்து எழுதுங்கள். வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்:

நின்ற பிறகு இரத்தம் பட்டால், பண்டிகை முடியும்வரை காத்திருக்க மாட்டேன்.