கோடு போட்டு அனுப்பிய மருமகளுக்கு



மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய படம் கிடைத்தது. கங்கோத்ரியில் புறப்பட்டு போஜ்பாசா, கோமுகம், நந்தன்வனம், வாசுகி தால், காளிந்தி கால் கணவாய், அதைத் தாண்டி இறங்கினால் பத்ரிநாத் என்று போன் வரைபடத்தில் ஒரே சிவப்புக் கோடாக இழுத்திருக்கிறாய். பாதித் தூரம் பனியாற்றின் நட்டநடுவே போகிறது. “ஐந்து பேர், எட்டு நாள், ஜூன் கடைசி வாரம். சரியா மாமா?” என்று கேட்டிருக்கிறாய். வீரகேரளம்புதூரில் இருந்துகொண்டு இமயமலைக் கணவாய்க்கு வழி போடுகிற பிள்ளை நம் குடும்பத்தில் இருப்பது எனக்குப் பெருமைதான். அதனால்தான் ‘சூப்பர்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுத் தப்பிக்காமல் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தேதி. குற்றாலத்தில் சீசன் எப்போது ஆரம்பிக்கும் என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும். மலைக்கு இந்தப் பக்கம் நமக்குச் சாரல் விழும். அதே மழைதான் வடக்கே நகர்ந்து ஜூன் மூன்றாம், நான்காம் வாரத்தில் உத்தராகண்டுக்குப் போய்ச் சேருகிறது. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிற செய்தி வந்துவிட்டால், உத்தராகண்டின் கார்வால் மலைகளில் ஏறுகிறவர்களுக்கு ஏறத்தாழ மூன்று வாரம்தான் பாக்கி. நீ குறித்த தேதியில் உங்களுக்கு முன்னால் மழை அங்கே போய் உட்கார்ந்திருக்கும். சில வருஷம் அதுவும் பொறுக்காது: 2013-இல் ஜூன் 16, 17 தேதிகளிலேயே பெருமழை கொட்டி, சோராபாரி பனியாற்றை ஒட்டிய ஏரி உடைந்து கேதார்நாத்தை அடித்துக்கொண்டு போனது. ஆகவே மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம்வரை ஒரு காலம், மழை விட்டபின் செப்டம்பரிலிருந்து அக்டோபர் முதல் பாதிவரை மற்றொன்று. இந்த இரண்டுக்கு வெளியே அந்தப் பக்கம் கணவாய் கடக்கத் திட்டம் போடாதே.

இனி வழிக்கு வருகிறேன். வழி போடும் வித்தையை எனக்குப் புரியவைத்தது நந்தாதேவியின் கதை. 7,816 மீட்டர் உயரச் சிகரம். அதைச் சுற்றி ஒரு கோட்டைமதில் மாதிரி மலைவளையம். அந்த மதிலில் இருக்கும் ஒரே வாசல் ரிஷிகங்கா ஆறு அறுத்துக்கொண்டு வெளியே வரும் செங்குத்துப் பள்ளம். 1883-இலிருந்து ஆட்கள் முயன்றார்கள். ஒருவராலும் சிகரத்தின் அடிக்கே போய்ச்சேர முடியவில்லை. 1934-இல் எரிக் ஷிப்டன், டில்மன் என்ற இரண்டு ஆங்கிலேயர்களும் ஆங்தார்க்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்களும் அந்தப் பள்ளத்தின் சுவரிலேயே ஒவ்வொரு விளிம்பாகத் தேடிப் பிடித்து உள்ளே நுழைந்தார்கள். கடைசிச் சில மைல்களைக் கடக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. உள்ளே போனவர்கள் உடனே சிகரத்தில் ஏறிவிடவில்லை. வடக்குப் பகுதியை மட்டும் பார்த்து முடித்து, மழை வலுக்குமுன் வெளியே வந்து, மழைக்காலத்தைப் பத்ரிநாத் பக்கத்து மலைகளில் கழித்து, மறுபடி உள்ளே போய்த் தெற்குப் பகுதியைப் பார்த்தார்கள். தெற்கு முகடு ஏறக்கூடியது என்று முடிவுகட்டிக்கொண்டு, வேறொரு கணவாய் வழியாக வெளியேறினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1936 ஆகஸ்ட் 29 அன்று, டில்மனும் ஓடெல் என்பவரும் அதே தெற்கு முகடு வழியாக உச்சிக்குப் போனார்கள். 1950-இல் அன்னபூர்ணா ஏறப்படும்வரை மனிதன் ஏறிய மிக உயர்ந்த சிகரம் அதுதான்.

1936-ஐத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு 1934 பெரிது. உச்சியைத் தொடாமல் ஒரு கோடைமுழுதும் வழியை மட்டும் படித்தவர்கள் அவர்கள்.

நீ போடுவதும் அப்படிப் படித்த வழியாக இருக்க வேண்டும். உன் சிவப்புக் கோட்டை, சம உயரக் கோடுகள் போட்ட ஒரு காண்டூர் வரைபடத்தின்மேல் வைத்துப் பார். 1:50,000 அளவு, கோட்டுக்குக் கோடு 40 மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே 1.4 மில்லிமீட்டர் இருந்தால் அந்தச் சரிவு 30 பாகை; 0.8 மில்லிமீட்டர் என்றால் 45 பாகை. பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சாய்வில்தான் பிறக்கின்றன. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். மட்டமாக இருந்தால் நகராது. ஒரு அடிஸ்கேலை எடுத்து இந்த இடைவெளி வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் தீட்டு. நீ நடக்கும் சரிவை மட்டுமல்ல, உன் தலைக்கு மேலே இருக்கும் சரிவையும் தீட்டு. கீழே மட்டமான இடத்தில் கூடாரம் போட்டவர்கள்மேலும் மேலிருந்து பனி வந்து விழும். உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் குழு ஒன்று 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா-2 சிகரத்தருகே பனிச்சரிவில் சிக்கியது. இருபத்தைந்து பேருக்கு மேல் போய்விட்டார்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகள், கூடவே பயிற்றுநர்கள். அதை நினைத்துக்கொண்டே தீட்டு.

அடுத்து, பனியாற்றின் நடு. ஆறு என்ற பெயர் சும்மா வைத்ததல்ல, அது நகர்கிறது. ஆனால் பனிக்கட்டி தண்ணீர்போல வளைந்துகொடுக்காது, வெடிக்கும். எங்கே வெடிக்கும் என்பதை வரைபடத்திலேயே ஊகிக்கலாம். அடித்தரை திடீரெனச் செங்குத்தாகும் இடத்தில் குறுக்காகப் பிளக்கும். வளைவில் வெளிப்பக்கம் பிளக்கும். இருபுறமும் பாறையோடு உரசும் ஓரங்களில் பிளக்கும். கிளைப் பனியாறு வந்து சேரும் இடத்தில் இரண்டும் நெருக்கிக் குழம்பிப்போய்க் கிடக்கும். நீ போகும் வழியில் சதுரங்கிப் பள்ளத்தாக்கு கங்கோத்ரிப் பனியாற்றைச் சந்திக்கும் இடம் அப்படிப்பட்டது. நந்தன்வனம் அந்தச் சந்திப்பின்மேல்தான் இருக்கிறது.

கீழ்ப்பகுதியில் பனியே உன் கண்ணுக்குத் தெரியாது. பாறையும் சரளையும் மூடிக் கிடக்கும். ஒரு கிலோமீட்டருக்கு மணிக்கணக்காகும். அங்கே பிளவு வெளியே தெரியும் என்பதால் ஆபத்து கொஞ்சம் குறைவு, அலைச்சல் அதிகம். மேலே போகப் போகப் புதுப்பனி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடிவிடும். பிளவின்மேல் பனியே பாலமாக நிற்கும். அங்கே கயிற்றில் கோத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், நடுவில் கயிறு தொய்யாமல். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் இழுத்து நிறுத்திப் பிறகு மேலே தூக்கத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஐந்து பேரில் எத்தனை பேருக்கு அது தெரியும்? விடியுமுன் உறைந்திருக்கும் பனிப்பாலம் வெயில் ஏற ஏற இளகும். அதனால்தான் இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கே புறப்படுகிறார்கள். உன் திட்டத்தில் “காலை 8 மணி, டிபன் முடித்துப் புறப்பாடு” என்று இருக்கிறது. டிபன் இறங்கி வந்தபிறகு.

வரைபடமே பழசாகிவிடும் என்பதையும் மறக்காதே. 1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆடன் என்பவர் கங்கோத்ரிப் பனியாற்றின் முகப்பான கோமுகத்தை அளந்து வரைந்தார். அதற்குப்பிறகு அந்த முகப்பு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. ஷிப்டன் நுழைந்த ரிஷிகங்கா பள்ளத்தாக்கில் 2021 பிப்ரவரி 7 அன்று மேலிருந்து பாறையும் பனியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்து, வெள்ளமாகி, இருநூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. யாரோ பத்து வருஷத்துக்கு முன் பதிவுசெய்த ஜிபிஎஸ் தடத்தை நம்பிப் பனியாற்றில் கால் வைக்காதே. அந்தப் பருவத்தில் அங்கே போய்வந்த உள்ளூர் வழிகாட்டியின் வாய்ச்சொல் அதைவிட மேல்.

ஓடைகளையும் கணக்கில் எடு. பனி உருகிவரும் ஓடை விடியற்காலையில் முழங்கால் அளவு இருக்கும். மாலையில் இடுப்புக்கு மேல் இழுக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் போனது உனக்கு நினைவிருக்கும். மேலே காட்டில் பெய்த மழை கீழே குளிக்கிறவனுக்குத் தெரியாது. இமயத்தில் மழையின் வேலையை வெயில் செய்கிறது, அவ்வளவுதான். ஓடை கடக்கும் இடங்களைக் காலை நேரத்துக்குத் தள்ளி வை.

உயரம்தான் உன் திட்டத்தில் எனக்கு அதிகப் பயம். கங்கோத்ரி 3,100 மீட்டர் அளவு. மூன்றாம் நாள் ராத்திரி வாசுகி தாலில், 4,900 மீட்டர் பக்கத்தில், படுக்கை போட்டிருக்கிறாய். நீ வாழ்வது கடல்மட்டத்துக்கு நூறு சொச்சம் மீட்டர் மேலே. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அங்கேயே தங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. காளிந்தி கால் 5,900 மீட்டருக்கு மேல். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. உடம்புக்கு நேரம் கொடுத்தால் உன் எட்டு நாள் இரண்டு வாரமாகும். கெட்ட வானிலைக்கு இரண்டு நாள் கூட்டிக்கொள். தலைவலியோடு வாந்தி, இருமலோடு மூச்சிரைப்பு, நடையில் தள்ளாட்டம் என்று யாருக்கு வந்தாலும் இறங்குவதுதான் மருந்து. ஆகவே ஒவ்வொரு முகாமிலிருந்தும், இருட்டில்கூட, எப்படி இறங்குவது என்று தனியாக எழுது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கு மேற்பட்டவர்களை இழந்தோம். அங்கே பனியும் இல்லை, உயரமும் இல்லை. ஆனாலும் ‘இங்கிருந்து எப்படி வெளியேறுவோம்’ என்ற கேள்வி எந்த மலைக்கும் உண்டு.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோமுகம் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும்; ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் கொடுக்கிறார்கள். கணவாயைத் தாண்டினால் எல்லைப் பகுதி, அதற்குத் தனி அனுமதி. சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் நம் நாட்டில் வைத்திருப்பதே குற்றம்; இணையத்தில் பார்த்துவிட்டு வாங்கிவிடாதே. சிகரம் ஏறுவதென்றால் டெல்லியிலுள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையிடம் போக வேண்டும்.

என் தீர்ப்பைக் கேள். காளிந்தி கால் உங்கள் ஐந்து பேருக்கும் இந்த வருஷம் வேண்டாம். செப்டம்பரில் வழிகாட்டி ஒருவரோடு கோமுகம்வரை போய்வாருங்கள். பனியாற்றை ஓரத்தில் நின்று ஒரு முழுநாள் பாருங்கள். அதற்குமுன் வாரம் மூன்று நாள் பண்பொழி திருமலைக் கோயில் படிகளில் முதுகுச்சுமையோடு ஏறி இறங்கு. இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்று கவனி. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உத்தரகாசியிலோ, 1954-இல் தொடங்கிய டார்ஜிலிங் இமாலயன் மலையேற்ற நிலையத்திலோ அடிப்படைப் பயிற்சிக்கு விண்ணப்பம் போடு. ஏறத்தாழ நான்கு வாரப் பயிற்சி, மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். இடங்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், இந்த வாரமே அனுப்பிவிடு.

அன்புடன்,
மாமா