மெஷினா, மேட்டிங்கா, தெருவா? பேட்டிங் பழக எது வழி?

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே சென்னை மைதானங்களில் புது பேட், புது பேடு, புது ஹெல்மெட்டோடு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். பின்னால் அப்பா நிற்பார். முன்பெல்லாம் அவர் “பையனுக்கு ஆட்டம் வருமா சார்?” என்று கேட்பார். இப்போது “உங்ககிட்ட பவுலிங் மெஷின் இருக்கா சார்?” என்கிறார். பக்கத்து ஃபிளாட் பையன் மெஷினில் ஆடுகிறானாம், வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததாம். பையனோ பேட்டை எப்படிப் பிடிப்பதென்றே இன்னும் தெரியாமல் நிற்பான். இப்படி ஊர் பார்த்துத் தேர்வு செய்கிறவர்கள் பெருகிவிட்டதால்தான் இந்த ஒப்பீடு.

தெரு கிரிக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதுவரை அதுவே போதும். டென்னிஸ் பந்து கண்ணையும் கையையும் பழக்கும், பயத்தைப் போக்கும். அந்த வீட்டுச் சுவரில் பட்டால் அவுட் என்ற விதி, இடைவெளி பார்த்துத் தட்டக் கற்றுக்கொடுக்கும். ஒரு குறை உண்டு. பந்து லேசானது என்பதால் மட்டையைக் குறுக்கே வீசினாலும் பறக்கும். அந்தப் பழக்கம் முற்றும் முன் லெதர் பந்துக்கு மாறிவிட வேண்டும்.

அடுத்தது, தேங்காய் நார்ப் பாயை இழுத்துக் கட்டி ஆடும் மேட்டிங். பந்து எழும்பி வரும், ஏமாற்றாது. பேக்ஃபுட் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. நான் மேட்டிங்கில் வளர்ந்தவன், ஆகவே என் பாராட்டில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். டர்ஃப் விக்கெட்டில் பந்து தாழ்வாக வரும், திரும்பும். காலை நீட்டி, கையைத் தளர்த்தி ஆடப் பழக்கும். பெரிய போட்டிகள் அங்கேதான் என்பதால் பதின்மூன்று, பதினான்கு வயதில் எப்படியும் அதற்குப் போகத்தான் வேண்டும். இந்த இரண்டில் வீட்டுக்கு எது பக்கமோ அதில் ஆரம்பிக்கலாம்.

இனி மெஷின். சுழலும் சக்கரங்கள் பந்தை உமிழும் கருவி அது. பெற்றோருக்கு அதன்மேல் ஏன் இவ்வளவு மோகம் என்பது எனக்குப் புரிகிறது. களைப்பில்லாமல் போடும், வைட் போடாது, வேகத்தை எண்ணில் காட்டும். ஒரே இடத்தில் முப்பது பந்து விழுந்தால் பத்தாவது பந்திலிருந்து எந்தப் பையனும் அழகாக டிரைவ் ஆடுவான். வீடியோவில் வருவது அந்தப் பத்தாவது பந்துக்குப் பிறகுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையைத் தொட ஏறக்குறைய அரை விநாடிதான் ஆகும். பார்த்து, உடல் அசையத் தொடங்கவே அதில் 0.2 விநாடி போய்விடும். ஆகவே நல்ல பேட்ஸ்மேன் பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே படிக்க ஆரம்பிக்கிறான். ஓடிவரும் வேகம், தோள் திரும்பும் விதம், மணிக்கட்டு, விரல்களுக்கிடையே தையல் எல்லாம் அவனுக்குச் செய்தி. மெஷினுக்குத் தோளும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. அதன் முன் வளர்ந்த பையன், பந்தை உள்ளே போடுபவரின் கை உயர்ந்ததும் காலை நகர்த்தக் கற்கிறான். உண்மையான பவுலர் ஓடிவந்தால் எதைப் பார்ப்பதென்று அவனுக்குத் தெரியாது. பவுலரையும் மெஷினையும் ஒரே வேகத்தில் ஆடவிட்டு ஒப்பிட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வும், மெஷினுக்கு எதிரே முன்காலின் அசைவும் மட்டை பின்னே போகும் நேரமும் இணங்குவது குறைகிறது என்று கண்டது. பழகுவது ஒரு ஆட்டம், மேட்சில் ஆட வேண்டியது இன்னொன்று.

ஒரே மாதிரிப் பந்து என்பது இன்னொரு வினை. 1994இல் அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் வீரர்களிடம் ஒரு சோதனை நடந்தது. இரண்டு குழுவுக்கும் ஒவ்வொரு கூடுதல் பயிற்சியிலும் 45 பந்துகள்: மூன்று வகை, வகைக்குப் பதினைந்து. ஒரு குழுவுக்கு வகை வகையாக வரிசையில் போட்டார்கள், மற்றதற்குக் கலைத்துப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்து, கலைத்துப் பழகியவர்கள் சுமார் 57 சதவீதம் முன்னேறியிருந்தார்கள். வரிசையாகப் பழகியவர்கள் 25 சதவீதம்தான்.

மெஷினால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். காயத்திலிருந்து மீள்பவருக்கும், ஷார்ட் பாலுக்குப் பயப்படும் தேர்ந்த ஆட்டக்காரருக்கும் அது உதவும். கற்றவர் பிழை திருத்தும் கருவி அது. தொடங்குகிறவனுக்கு ஆசான் ஆகாது.

மெஷினுக்குக் கொடுக்கும் காசை, கையால் பந்தெறிந்து பழக்கும் ஒரு கோச்சின் த்ரோடவுனுக்குக் கொடுங்கள். இந்திய அணியிலேயே நீண்ட கைப்பிடியுள்ள சைட்ஆர்மை வைத்துக்கொண்டு பந்தெறிய ராகவேந்திரா போன்றவர்கள் இருக்கிறார்கள். மனிதன் எறியும் பந்து ஒன்றுபோல் ஒன்று வராது, எறிகிற கையும் கண்ணில் படும். வரிசை இதுதான்: முதலில் கண்ணாடி முன் வெறும் மட்டை வீச்சு, பிறகு கையிலிருந்து நழுவவிடும் பந்து, பிறகு கீழ்க்கை எறி, பிறகு த்ரோடவுன், கடைசியில் நெட் பவுலர். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். பந்து வரும்போது முழங்கை, தோள், தலை, கால் என நான்கையும் நினைக்கிற பையன் நான்கிலும் தவறுவான். நினைப்பு நின்று உடல் தானாகச் செய்தால்தான் நுட்பம் சுபாவமாகும்.

ஆஸ்திரேலியாவின் பவ்ரலில் சிறுவன் டான் பிராட்மன் தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்துப் பழகினார். பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அவருக்கே தெரியாது. வளர்ந்த பிறகும் மட்டையை நேராகத் தூக்காமல் ஸ்லிப் பக்கமாகவே தூக்கினார். அந்த மட்டை 99.94 சராசரி தந்தது. உங்கள் பிள்ளையின் கைக்கும் ஒரு வாகு இருக்கும். புத்தகத்தில் உள்ள படம்போல அவனை வளைக்க அவசரப்படாதீர்கள்.

வாகு இருந்தாலும் பொறுமை வேண்டும். 2000-01 பருவத்தில் ரஞ்சியில் நுழைந்த தமிழக பேட்ஸ்மேன் எஸ். பத்ரிநாத்துக்கு டெஸ்ட் தொப்பி 2010இல்தான் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் 56 அடித்தார். மொத்தம் ஆடியது இரண்டே டெஸ்ட். ஆனாலும் முதல்தரக் கிரிக்கெட்டில் பத்தாயிரம் ரன்களைத் தாண்டும்வரை நிற்கவில்லை. ஒரு கோடை முகாமில் பலன் தேடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கணக்கோ, வீணையோ, கிரிக்கெட்டோ, ஊர் போகும் வழியில் பிள்ளையைத் தள்ளுவது எளிது, அவன் எதில் தானாக நேரம் மறக்கிறான் என்று கவனிப்பது கடினம். ஒரு மாதம் காலைப் பயிற்சிக்கு எழுப்பாமல் விட்டுப் பாருங்கள். தானே எழுந்து கிட்டைத் தூக்கினால் மேட்டிங்குக்கோ டர்ஃபுக்கோ அனுப்புங்கள், இரண்டு வருடம் ரன் எத்தனை என்று கேட்காதீர்கள். எழாவிட்டால் தூங்கட்டும். அவனுக்கு வேறு ஏதோ ஒன்று இருக்கிறது, அதைத் தேடுங்கள்.